கோ என்றால் கோயம்புத்தூர்

கோயம்புத்தூரின் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தைப் பல்கலைக்கழகம் என்று சொல்லும் வழக்கம் எங்கள் ஊரில் இன்றுவரை வரவில்லை. 1971ஆம் ஆண்டிலேயே அது பல்கலைக்கழகம் ஆகிவிட்டது என்றாலும், பேருந்து நடத்துநருக்கும் நொய்யல் கரை உழவருக்கும் அது இன்னமும் ‘அக்ரி காலேஜ்’தான். என் அப்பாரு (கொங்கு நாட்டில் தாத்தாவை அப்படித்தான் அழைப்போம்) அங்கிருந்து சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்த விதையைக் ‘காலேசு நெல்லு’ என்பார். கோ 25 என்று அதற்கு ஒரு பெயர் இருந்தது. பள்ளியில் தமிழாசிரியர் ‘கோ’ என்றால் அரசன் என்று கற்பித்திருந்ததால், அது அரசர்களுக்கு உரிய நெல் என்றும், எங்கள் வயலுக்கு எப்படியோ தப்பி வந்துவிட்டது என்றும் பல நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். கோ என்றால் கோயம்புத்தூர் என்று பின்னர் தெரிந்தபோது எனக்குச் சற்று ஏமாற்றமாகவே இருந்தது.

அந்தக் கல்லூரியின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அடிக்கல்லில் தொடங்கித் துணைவேந்தர்களின் பட்டியலில் முடிக்கிறார்கள். அதில் பிழை ஒன்றுமில்லை. ஆனால் ஒரு வேளாண் கல்லூரியின் உண்மையான வரலாறு அதன் வளாகத்திற்கு வெளியே, அதன் பெயரையே கேள்விப்படாதவர்களின் நிலத்தில் முளைத்துக்கொண்டிருக்கும் விதைகளில் இருக்கிறது என்பது என் எண்ணம். எனவே இந்தப் பதிவில் கட்டடங்களை விரைந்து கடந்துவிட்டு, விதைகளின் பக்கம் சற்று அதிக நேரம் நிற்கப்போகிறேன்.

பல்கலைக்கழகம் தன் பிறப்பை 1868ஆம் ஆண்டு சென்னைச் சைதாப்பேட்டையில் ஏற்பட்ட வேளாண் பள்ளியிலிருந்து கணக்கிடுகிறது. அந்தப் பள்ளிக்கும் முன்பே அங்கே ஓர் அரசுப் பண்ணை இருந்தது. 1861 முதல் 1866 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த சர் வில்லியம் டெனிசனின் முயற்சியால் உருவான பண்ணை அது. இங்கிலாந்திலிருந்து நீராவிக் கலப்பைகளும், விதைப்புக் கருவிகளும், கதிரடிக்கும் எந்திரங்களும் கப்பலில் வந்து இறங்கின. நம் உழவன் கையாளும் மரக்கலப்பை மண்ணைக் கீறுகிறதே ஒழியப் புரட்டவில்லை, ஆகவே அவனுக்கு உழவு தெரியவில்லை என்பது அந்தக் காலத்து ஆங்கிலேயரில் பலரின் முடிவாக இருந்தது. அந்த முடிவின் மேல்தான் சைதாப்பேட்டைப் பண்ணை எழுப்பப்பட்டது.

மணற்பாங்கான அந்த மண்ணில் மேலைநாட்டுக் கருவிகள் பெரிதாக எதையும் சாதித்துவிடவில்லை. ராபர்ட்சன் என்ற கண்காணிப்பாளரின் பொறுப்பில் 1870களில் பயிர்ச் சோதனைகளும் பாடங்களும் நடந்தன. அங்கே படித்தவர்களில் பெரும்பாலோர் கலப்பையைப் பிடிக்கவில்லை, வருவாய்த் துறையில் வேலை தேடிக்கொண்டார்கள் என்பது அப்போதே எழுந்த குறை. (இந்தக் குறை ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகும் அப்படியே இருக்கிறது. ‘அக்ரி’ படித்த என் நண்பர்களில் மூவர் வங்கியில் இருக்கிறார்கள்.)

1876 முதல் 1878 வரை தென்னகத்தைச் சுட்டெரித்த பெரும் பஞ்சத்தை நாட்டுப்புறத்தில் தாது வருடப் பஞ்சம் என்கிறார்கள். அதன் விளைவாக அமைந்த பஞ்ச ஆணையம், மாகாணங்கள்தோறும் வேளாண்மைத் துறை வேண்டும் என்று 1880இல் பரிந்துரைத்தது. சென்னை மாகாணத்தில் 1882இல் அந்தத் துறை ஏற்பட்டது. அதன் பிறகு 1889இன் இறுதியில் இங்கிலாந்திலிருந்து வந்த வேதியியலாளர் ஜான் அகஸ்டஸ் வோல்க்கர், ஓராண்டுக்கு மேல் நாடெங்கும் சுற்றிப் பார்த்துவிட்டு, இந்திய உழவன் ஆங்கிலேய உழவனுக்குக் குறைந்தவன் அல்லன், சில வகைகளில் அவனையும் விஞ்சியவன் என்று அறிக்கை எழுதினார். அவனுக்கு இல்லாதவை நீரும் எருவும்தான், அறிவு அல்ல என்பது அந்த அறிக்கையின் சாரம். நீராவிக் கலப்பையை இறக்கியவர்களுக்கு இது உவப்பான செய்தியாக இருந்திருக்காது. கோயம்புத்தூரில் பிற்பாடு நடந்ததைப் புரிந்துகொள்ள, சைதாப்பேட்டையின் நீராவிக் கலப்பையையும் வோல்க்கரின் அறிக்கையையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

கர்சன் பிரபு காலத்தில், 1905 வாக்கில், பீகாரின் பூசாவில் பேரரசின் ஆராய்ச்சி நிலையமும் மாகாணங்களில் கல்லூரிகளும் அமைக்கும் திட்டம் வந்தது. சென்னை மாகாணத்திற்கான கல்லூரிக்குக் கோயம்புத்தூர் தெரிவாகி, 1906இல் சைதாப்பேட்டையிலிருந்து இடம்பெயர்ந்தது. அப்போதைய ஆளுநர் சர் ஆர்தர் லாலி. இன்று வடவள்ளிக்கும் மருதமலைக்கும் போகிறவர்கள் அன்றாடம் கடக்கும் லாலி ரோடு அவர் பெயரைத் தாங்கியதுதான். அந்தப் பெயர் ஓர் ஆளுநருடையது என்று தெரியாமலே நாங்கள் வளர்ந்தோம்; ஏதோ லாரிகள் நிற்கும் சாலை என்பது மருவி அப்படி ஆகிவிட்டது என்று என் சித்தப்பா உறுதியாக நம்பினார்.

இடத் தேர்வு நல்ல தேர்வு. சைதாப்பேட்டையில் கிடைக்காத மண் வகைகள் இங்கே ஒரே வேலிக்குள் கிடைத்தன. கரிசல் ஒருபுறம், செம்மண் ஒருபுறம், நொய்யல் வாய்க்காலும் குளங்களும் ஊட்டும் நன்செய் ஒருபுறம். கொங்கு உழவர்கள் நிலத்தை மூன்றாகப் பிரிப்பார்கள். மழையை நம்பியது காடு. கிணற்றை நம்பியது தோட்டம். ஆற்றையும் குளத்தையும் நம்பியது வயல். இந்த மூன்றும் கல்லூரிக்குக் கைக்கெட்டும் தூரத்தில் அமைந்தன. பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்றும், இரண்டு பருவமழைகளின் ஓரத்துப் பங்கும் சேர்ந்து தரும் மிதமான தட்பவெப்பமும் ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு பயிரை நிலத்தில் நிறுத்தி ஆராய உதவின.

கட்டடம் எழுந்து 1909இல் முறையாகப் பணிகள் தொடங்கின. அதே ஆண்டில் வளாகத்தின் ஒரு மூலையில், யாரும் நின்று பார்க்காத வேறொரு வேலையும் தொடங்கியது. நிலையான உரச் சோதனை என்று அதற்குப் பெயர். ஒரு வயலைப் பாத்திகளாகப் பிரித்து, ஒன்றுக்குத் தழைச்சத்து மட்டும், ஒன்றுக்கு மணிச்சத்து மட்டும், ஒன்றுக்குச் சாம்பல்சத்தோடு மூன்றும் சேர்த்து, ஒன்றுக்குத் தொழுவுரம், ஒன்றுக்கு எதுவுமே இல்லை என்று ஆண்டுதோறும் மாறாமல் இட்டுக்கொண்டே வந்தார்கள். இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட்டில் 1843இல் தொடங்கிய இத்தகைய சோதனையே அதற்கு முன்மாதிரி. இரண்டு உலகப் போர்களையும், ஆட்சி மாற்றத்தையும், உரத் தட்டுப்பாட்டையும், எத்தனையோ அதிகாரிகளின் பணி ஓய்வையும் கடந்து அந்தப் பாத்திகள் நூறாண்டைத் தாண்டிவிட்டன. இந்தக் கல்லூரியில் எனக்கு மிகவும் பிடித்த இடம் எது என்று கேட்டால், பூங்காவையோ அருங்காட்சியகத்தையோ சொல்லாமல் இந்தப் பாத்திகளைத்தான் சொல்வேன். ஒரே கேள்வியை நூறு ஆண்டுகள் திரும்பத் திரும்பக் கேட்கும் பொறுமை நம் பொது வாழ்வில் வேறெங்கும் காணக் கிடைப்பதில்லை.

1920களில் இந்த வகைச் சோதனைப் பாத்திகளின் தானியம் குன்னூருக்குப் போனது. அங்கே சத்துணவு ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்த ராபர்ட் மெக்காரிசனும், கோயம்புத்தூரின் வேளாண் வேதியியலாளர் பி. விஸ்வநாத்தும் சேர்ந்து, மாட்டெரு இட்டு விளைந்த தானியம் ரசாயன உரமிட்டு விளைந்ததைவிட உயிர்களுக்கு அதிக ஊட்டம் தருகிறது என்ற முடிவை 1926இல் வெளியிட்டார்கள். பின்னாளில் எல்லா இடங்களிலும் இந்த முடிவு அப்படியே கிடைத்துவிடவில்லை. என்றாலும் இயற்கை வேளாண்மை பற்றி உலகில் நடந்த தொடக்ககால விவாதங்களில் இந்த முடிவு ஒரு சான்றாக எடுத்துக்காட்டப்பட்டது. ரசாயன உரத்தைப் பரப்பிய இடம் என்று இன்று சிலர் பழிக்கும் அதே வளாகத்திலிருந்துதான் எருவின் பக்கத்துச் சாட்சியும் புறப்பட்டது என்பதைப் பழிப்பவரும் புகழ்பவரும் ஒருங்கே மறந்துவிடுகிறார்கள்.

இனி விதைக்கு வருகிறேன். முதலில் கரும்பு, ஏனெனில் கோயம்புத்தூரின் பெயரை உலகறியச் செய்தது அதுவே.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியச் சந்தையை ஜாவாச் சர்க்கரை நிறைத்திருந்தது. வட இந்தியாவில் பயிரான கரும்புகள் மெலிந்தவை. குளிரையும் வறட்சியையும் தாங்கும், ஆனால் சாறு குறைவு. தெற்கே பயிரான தடித்த கரும்புகளில் சாறு மிகுதி, ஆனால் வடக்கின் குளிரில் அவை நிற்கவில்லை. இரண்டையும் கலந்து புதிய வகையை உண்டாக்கக் கரும்பு பூத்து, அந்தப் பூ விதையாக முதிர வேண்டும். வடக்கே கரும்பு பூத்து விதை கட்டுவது அரிது. கோயம்புத்தூரின் பகல் நீளமும் குளிரற்ற இரவுகளும் அதற்கு ஏற்றவையாக இருந்தன. அரசின் தாவரவியலாளராக இருந்த சார்லஸ் ஆல்ஃபிரட் பார்பரின் பொறுப்பில் 1912இல் கரும்பு இனப்பெருக்க நிலையம் கல்லூரியை ஒட்டித் தொடங்கியது இதனால்தான். அவருக்குத் துணையாக இருந்தவர் திருவாடி சாம்பசிவ வெங்கட்ராமன். பிற்காலத்தில் சர் பட்டம் பெற்ற டி.எஸ். வெங்கட்ராமன் இவரே.

வெள்ளை என்று வழங்கிய தடித்த கரும்பையும், கோயம்புத்தூர்ப் பக்கத்தில் தானாக வளர்ந்து கிடந்த நாணலையும் இணைத்தார்கள். இனிப்பே இல்லாத ஒரு காட்டுப் புல்லைக் கரும்பின் வமிசத்தில் சேர்ப்பது அன்று விந்தையாகத்தான் பட்டிருக்கும். நாணலின் முரட்டுத்தனமும் நோய் தாங்கும் வலுவும் குளிரைப் பொறுக்கும் தன்மையும் வெள்ளையின் சாற்றோடு சேர்ந்ததில் கோ 205 பிறந்தது. 1918இல் அது வடக்கே பஞ்சாபுக்குப் போனது. பேய்க்கரும்பு எங்கே இனிக்கிறதோ அங்கே முத்தி என்று பட்டினத்தாருக்குச் சொல்லப்பட்டதாகவும், திருவொற்றியூரில் அது இனித்ததாகவும் நம் மக்கள் சொல்லும் கதை எல்லோருக்கும் தெரியும். அந்தப் பேய்க்கரும்பும் இந்த நாணலும் ஒன்றுதானா என்று புலவர்கள் வாதாடட்டும். இனிக்காத புல்லை இனிப்பின் பக்கம் திருப்பிய அற்புதம் கோயம்புத்தூரிலும் ஒருமுறை நடந்தது என்பதே என் கட்சி.

அதன் பிறகு வந்த கோ கரும்புகள் கங்கைச் சமவெளியின் மெலிந்த கரும்புகளை ஏறக்குறைய முழுமையாக இடம்பெயர்த்தன. 1932இல் சர்க்கரைத் தொழிலுக்குப் பாதுகாப்பு வரி வந்தபோது, ஆலைகள் சில ஆண்டுகளுக்குள் பல மடங்காகப் பெருகியதற்கு அந்த வரி மட்டுமன்றி, ஆலைக்குப் போடத் தகுந்த கரும்பு அதற்குள் வயலில் ஆயத்தமாக நின்றதும் காரணம். 1930களில் அங்கே பணியாற்றிய ஜானகி அம்மாள், கரும்பின் குரோமோசோம்களை ஆராய்ந்து, காட்டு நாணலின் தாயகம் இந்தியாவே என்று காட்ட உதவியவர். பின்னர் லண்டன் சென்று உலகப் புகழ் பெற்றார். அந்த நிலையம் 1969இல் மத்திய அரசின் வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ்ப் போய்விட்டது. அதனால் இன்று ஒரே சாலையில் அடுத்தடுத்து இரண்டு நிறுவனங்கள் ‘கோ’ என்றே தம் வகைகளுக்குப் பெயர் சூட்டுகின்றன. எங்கள் ஊரில் இதனால் குழப்பம் ஏதும் இல்லை. நெல்லென்றால் ‘கோ’வைச் சேர்த்துச் சொல்வார்கள், கரும்பென்றால் எண்களை மட்டும் சொல்வார்கள். ‘எம்பத்தாறு சீரோ முப்பத்திரண்டு’ என்று கரணை கேட்டால் போதும். வேறு விளக்கம் வேண்டியதில்லை.

நெல்லின் கதை கரும்பின் கதையைப்போல் ஆரவாரமானது அல்ல. 1912இல் நெல் இனப்பெருக்க நிலையம் தொடங்கியது. அரசின் பொருளாதாரத் தாவரவியலாளர் எஃப்.ஆர். பார்னெல் அங்கே முதலில் செய்தது, மாகாணம் முழுவதும் உழவர்கள் வைத்திருந்த நெல் வகைகளைத் திரட்டியதுதான். ஒவ்வொரு வகையிலும் பல்லாயிரம் செடிகளை நட்டு, அவற்றுள் ஒத்த தன்மை உடையவற்றைத் தனித்தனியே பொறுக்கி, அவற்றின் வழித்தோன்றல்களை மட்டும் பெருக்கினார்கள். சைதாப்பேட்டை மேலைக் கருவியை இறக்கிவைத்து உழவனுக்கு அறிவு கொடுக்க முயன்றது. கோயம்புத்தூர் உழவனின் குதிருக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பதிலிருந்து தொடங்கியது. இந்த ஒரு மாற்றம்தான் கல்லூரியைக் காப்பாற்றியது என்று கருதுகிறேன்.

அவ்வாறு திரட்டியவற்றுள் கோணாமணி என்ற நெல்லில், தன் கூட்டத்தோடு ஒட்டாமல் நுண்ணிய அரிசியோடு தானாகவே மாறித் தோன்றிய ஒரு வகை கண்ணில் பட்டது. அரசின் பொருளாதாரத் தாவரவியலாளர் என்ற பதவியின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து அதற்கு ஜி.இ.பி. 24 என்று பெயரிட்டு 1921இல் வெளியிட்டார்கள். இவ்வளவு உயிரற்ற பெயரை ஒரு நெல்லுக்குச் சூட்ட அரசாங்கத்தால் மட்டுமே முடியும். மக்கள் அதைக் கிச்சிலிச் சம்பா என்று அழைத்தார்கள். சோற்றின் மென்மையாலும் சுவையாலும் தமிழகம் மட்டுமன்றித் தென்னகம் முழுவதும் அது பரவியது.

அந்த நெல்லின் வமிசாவளி வியப்பானது. அதையும் கோ 18ஐயும் சேர்த்துத் திரூர்க்குப்பத்தில் டி.கே.எம். 6 உருவானது. டி.கே.எம். 6 பிலிப்பைன்ஸின் பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்துக்குப் போய், அங்கிருந்து ஐ.ஆர். 20 ஆகத் திரும்பி வந்தது. ஜப்பானிய நோரின் 10 என்ற நெல்லோடு கிச்சிலிச் சம்பாவை இணைத்ததில் ஆடுதுறை 27 பிறந்தது. 1960களின் நடுவில் தஞ்சைக் குறுவையை மாற்றியமைத்தது அதுவே. ஐ.ஆர். 20ஐப் ‘பாரின் நெல்லு’ என்று ஐயத்தோடு பார்த்த எங்கள் ஊர்க்காரர்கள், அதன் பாட்டி லாலி ரோட்டில் பிறந்தவள் என்று அறிந்திருக்கவில்லை.

பார்னெலோடு பணியாற்றிய கே. ராமையா, 1946இல் ஒடிசாவின் கட்டக்கில் தொடங்கிய மத்திய நெல் ஆராய்ச்சி நிலையத்தின் முதல் இயக்குநரானார். 1970இல் பத்ம பூஷண் பெற்றார். பார்னெலின் மற்றொரு துணைவரான ஜி.என். ரங்கசாமி ஐயங்கார் 1923இல் அமைந்த சிறுதானிய நிலையத்தைப் பொறுப்பேற்று, சோளம், கம்பு, கேழ்வரகு, தினை என்று ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். புஞ்சைத் தவசங்களை ஏழைச் சோறு என்று ஒதுக்கிய காலத்தில், அவற்றுக்கென்று தனி நிலையம் வைத்த அரசு அது. பூச்சியியலில் பெயின்பிரிக் ஃபிளெச்சரும் டி.வி. ராமகிருஷ்ண ஐயரும், புல்லினங்களில் ரங்காச்சாரியாரும் எழுதியவற்றை இன்றும் மாணவர்கள் புரட்டுகிறார்கள். மாணவர்கள் 1911இலேயே தமக்கென ஒரு சங்கம் கண்டு, ஆராய்ச்சி இதழையும் நடத்தத் தொடங்கினார்கள்.

பருத்தியையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். கோவைப் பஞ்சாலைகளுக்கு ஊட்டம் கொடுத்த எம்.சி.யு. வகைகளின் பெயர் மெட்ராஸ், கம்போடியா, உகாண்டா என்ற மூன்று பெயர்களின் முதலெழுத்து. ஒரு கரிசல் காட்டு மூட்டையின் மேல் மூன்று நாடுகளின் முகவரி.

1920இல் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைப்பு கிடைத்துப் பட்டப்படிப்பு வந்தது. 1940களின் நடுப்பகுதிவரை தென்னிந்தியா முழுவதற்கும் இது ஒன்றே வேளாண் கல்லூரி. தெலுங்கரும் மலையாளிகளும் கன்னடரும் துளு நாட்டாரும் ஒரே விடுதியில் தங்கிப் படித்தார்கள். வங்கப் பஞ்சத்தின் செய்தியால் கலங்கி, விலங்கியல் பட்டத்தோடு நிற்காமல் வேளாண்மை படிக்க வந்த கும்பகோணத்து இளைஞர் ஒருவர் 1947இல் இங்கே பட்டம் பெற்றார். அவர் எம்.எஸ். சுவாமிநாதன். அதன் பிறகு அவர் செய்தவற்றை நான் சொல்ல வேண்டியதில்லை.

1958இல் முதுநிலை, முனைவர் படிப்புகளுக்கான மையம் என்ற ஏற்பு கிடைத்தது. 1965இல் மதுரையில் இரண்டாவது கல்லூரி வந்தது. இந்த இரண்டையும் கருவாகக் கொண்டு 1971 ஜூன் 1 அன்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உதயமானது. நுண்ணுயிரியல் அறிஞர் ஜி. ரங்கசாமி முதல் துணைவேந்தர். ஆடுதுறை, கோவில்பட்டி போன்ற ஆராய்ச்சி நிலையங்கள் வேளாண்மைத் துறையிடமிருந்து பல்கலைக்கழகத்தின் கைக்கு வந்தன. ஆனால் ஊர் ஊராகச் சென்று உழவரைச் சந்திக்கும் அலுவலர்கள் துறையிலேயே தங்கிவிட்டார்கள். கண்டறிகிறவர் ஓரிடத்திலும் எடுத்துச் சொல்கிறவர் வேறிடத்திலும் ஆனார்கள். இடைவெளியை நிரப்ப வந்தவைதாம் வேளாண் அறிவியல் நிலையங்கள். நாட்டிலேயே முதலாவது நிலையம் 1974இல் புதுச்சேரியில் இந்தப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் தொடங்கியது. இடைவெளி நிரம்பிவிட்டதா என்றால், எங்கள் ஊரில் பூச்சி விழுந்தால் முதலில் யோசனை கேட்பது மருந்துக் கடைக்காரரிடம்தான் என்பதை மட்டும் பதிலாகச் சொல்வேன்.

தோட்டக்கலை இந்த வரலாற்றில் மிகத் தாமதமாக வந்து சேர்ந்தது. கொங்கில் தோட்டம் என்றால் மஞ்சளும் கரும்பும் வாழையும் விளையும் கிணற்றுப் பாசன நிலம். அது உழவின் நடுநாயகம். அரசுக்கோ தோட்டம் என்றால் பூங்கா. சென்னையில் 1835இலேயே வேளாண் தோட்டக்கலைச் சங்கம் தோன்றியது. உதகையில் 1848இல் மெக்ஐவர் தாவரவியல் பூங்காவை அமைத்தார். ஆளுநரின் மேசைக்குக் காய்கறியும் மாளிகைக்குப் பூவும் என்ற அளவில்தான் அந்தக் கலை நின்றது. 1920இல் குன்னூரில் பழ ஆராய்ச்சி நிலையமும், 1935இல் இன்றைய ஆந்திரத்தின் கோடூரில் இன்னொன்றும் வந்தன. 1957இல் பெரியகுளத்தில் பழ ஆராய்ச்சி தொடங்கியது. பல்கலைக்கழகம் ஆன பிறகு, 1970களின் தொடக்கத்தில், கோயம்புத்தூரில் தோட்டக்கலை தனிப் புலமாகி, அதற்கென்றே மாணவர்கள் வந்தார்கள்; 1990இல் பெரியகுளமும் தோட்டக்கலைக் கல்லூரி ஆனது.

தாமதமாக வந்தாலும் அது செய்த வேலைகள் வீட்டு அடுக்களைவரை எட்டின. மலைவாழையான விருப்பாட்சியை முடிக்கொத்து நோய் அழித்துக்கொண்டிருந்தபோது, அதன் சுவையை ஒத்த, சமவெளியிலும் வளரும் கோ 1 வாழையைக் கலப்பினமாக உருவாக்கினார்கள். பழனிப் பஞ்சாமிர்தக்காரர்கள் அதை ஏற்றார்களா என்பது வேறு கதை. நாக்கு ஆராய்ச்சிக் கட்டுரைகளைப் படிப்பதில்லை. பப்பாளியில் கோ 2 பழத்துக்கு மட்டுமன்றிப் பால் எடுக்கவும் ஏற்றதென்று பெயர் வாங்கியது. இவற்றையெல்லாம் விஞ்சி நிற்பது முருங்கை.

முருங்கையைப் போத்து (வெட்டிய கிளைத் துண்டு) வைத்துத்தான் நடுவார்கள். யாழ்ப்பாண முருங்கை, சாவகச்சேரி முருங்கை என்று கடல் கடந்து வந்த வகைகளும் போத்தாகவே கை மாறின. மரம் காய்க்க ஆண்டுகள் ஆகும். ஒரு புயலில் முறிந்து விழுந்துவிடும். முருங்கை நட்டவன் வெறுங்கையோடு போவான் என்று முன்னோர் சொன்னது ஊன்றுகோலைப் பற்றியா மரத்தைப் பற்றியா என்று வீட்டில் விவாதமே நடக்கும். தூத்துக்குடிப் பக்கத்து எப்போதும்வென்றான் என்ற ஊரின் முருங்கையிலிருந்து தேர்ந்தெடுத்து, விதையால் பயிராகி ஆறு மாதத்திலேயே காய்க்கும் பி.கே.எம். 1 என்ற செடிமுருங்கையைப் பெரியகுளத்தார் 1980களின் இறுதியில் வெளியிட்டார்கள். வீட்டுக் கொல்லையில் ஒன்றிரண்டாக நின்ற மரம் ஏக்கர் கணக்கில் பயிரானது. அந்த விதை இன்று ஆப்பிரிக்காவரை போகிறது. எப்போதும்வென்றான் என்ற பெயரை மூன்று ஆங்கில எழுத்துகளுக்காக விட்டுக்கொடுத்ததை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

இந்தக் கதைக்கு ஒரு மறுபக்கம் உண்டு. உழவரின் பல்லாயிரம் வகைகளிலிருந்து ஒன்றைப் பொறுக்கி எடுத்தபோது, பொறுக்கப்படாதவை மெல்ல மெல்ல வயலைவிட்டு நீங்கின. ஒரு தெருவுக்கு ஒரு நெல் இருந்த ஊரில் ஓர் ஆற்றுப் பாசனத்துக்கே ஒரு நெல் என்றானது. உரத்தையும் மருந்தையும் எதிர்பார்த்து வளரும் வகைகள் வந்த பிறகு இந்தப் போக்கு விரைந்தது. 1901இல் தொடங்கிய கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் 1960களில் பணியாற்றிய கோ. நம்மாழ்வார், மானாவாரி உழவனால் வாங்க முடியாத இடுபொருள்களை வைத்து நடத்தும் ஆராய்ச்சி அவனுக்கு எதற்கு என்று கேட்டு, 1969இல் வேலையை விட்டு வெளியேறினார். அவர் கேட்டது, பொறுக்கும் முறையைப் பற்றியதை விட, யாருக்காகப் பொறுக்குகிறோம் என்பதைப் பற்றியது. அந்தக் கேள்விக்கு வளாகத்துக்குள்ளிருந்து ஒரு முழுமையான விடை வந்ததாக எனக்குத் தோன்றவில்லை; வெளியிலிருந்து வந்தது. பாரம்பரிய நெல்லைத் தேடி எடுத்து, இரண்டு கிலோ விதை கொடுத்து அடுத்த ஆண்டு நான்கு கிலோவாகத் திரும்பப் பெறும் நெல் திருவிழாக்கள் காவிரிக் கழிமுகத்தில் நடக்கத் தொடங்கின.

என் அப்பா இரண்டு பக்கமும் கால் வைத்திருப்பவர். ஆடி பிறந்தால் அக்ரி காலேஜ் விதை விற்பனை நிலையத்துக்குப் போய் வரிசையில் நின்று கோ 51 வாங்குவார். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு நெல் திருவிழாவுக்கும் போய், இரண்டு கிலோ விதையைத் துண்டில் முடிந்துகொண்டு வந்தார். வாய்க்கால் ஓரத்துப் பத்து சென்ட்டில் அதை மட்டும் தனியாக நட்டு, யூரியா காட்டாமல், பஞ்சகவ்யம் தெளித்து வளர்த்தார். இது நம்ம பாட்டன் பூட்டன் நெல்லு, காலேசு நெல்லு அல்ல என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். என்ன நெல் என்று கேட்டேன். கிச்சிலிச் சம்பா என்றார்.

ஜி.இ.பி. 24 கதையை முழுவதுமாக அவருக்குச் சொன்னேன். பார்னெல், கோணாமணி, 1921 எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். நாற்று முடியை அவிழ்த்துக்கொண்டே, “அதுக்கென்ன கண்ணு, நூறு வருசம் ஆச்சல்ல” என்றார்.